வண்டலூரில் ஒரு பகல்

சென்னை சென்ட்ரலிலிருந்து தெற்கே சுமார் 31 கிலோமீட்டரில், ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய காப்புக்காட்டுக்குள் அமைந்திருக்கிறது அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா. ஊரார் வாயில் அது வண்டலூர் ஜூ. பரப்பு 602 ஹெக்டேர், அதாவது 1,490 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. இந்தியாவின் மிகப் பெரிய உயிரியல் பூங்காக்களில் ஒன்று. குழந்தைகளோடு ஒரு பகல் முழுவதையும் கழிக்கச் சென்னையைச் சுற்றி இதைவிட நல்ல இடம் சொல்வது கடினம். ஆனால் அந்தப் பகல் நன்றாக அமைவதும் அலுப்பில் முடிவதும், பூங்கா எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதைப் புரிந்துகொண்டு போவதைப் பொறுத்தது.

இதன் கதை வண்டலூரில் தொடங்கவில்லை. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த எட்வர்ட் பால்ஃபர் 1855-இல் அருங்காட்சியக வளாகத்திலேயே உயிருள்ள விலங்குகளை வைத்துக் காட்டத் தொடங்கினார். ஆற்காட்டு நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கினார். சேகரிப்பு பெருகியதும் அது சென்ட்ரலுக்குப் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. வெளியூரிலிருந்து பட்டணம் பார்க்க வந்தவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்தைச் செத்த காலேஜ் என்றும், மூர் மார்க்கெட் பக்கமிருந்த இதை உயிர் காலேஜ் என்றும் சொல்லி, இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். நகரம் வளர வளர அந்த இடம் நெருக்கடியானது. இரைச்சலும் புகையும் சூழ்ந்த இடத்தில், சிறிய கூண்டுகளுக்குள் விலங்குகள் அடைந்து கிடந்தன. 1979-இல் வண்டலூரில் காட்டு நிலம் ஒதுக்கப்பட்டுப் பணி தொடங்கியது. 1985 ஜூலை 24 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். புதிய பூங்காவைத் திறந்துவைத்தார்.

பழைய இடத்துக்கும் புதிய இடத்துக்கும் உள்ள முக்கிய வேறுபாடு கம்பிக்கூண்டு. வண்டலூரில் பெரும்பாலான பெரிய விலங்குகளுக்கும் பார்வையாளருக்கும் நடுவே இருப்பது அகழிதான். அகழிக்கு அப்பால் மரம், புதர், பாறை, குட்டை எல்லாம் உண்டு. விலங்கு விரும்பினால் வெளியே வரும். விரும்பாவிட்டால் புதருக்குப் பின்னால் படுத்துக்கொள்ளும். வேலியோரம் நிற்கும் குடும்பங்களில் “ஒண்ணுமே தெரியலையே” என்ற குரல் அடிக்கடி எழுவது இதனால்தான். அது பூங்காவின் குறை அல்ல. விலங்குக்கு ஒளிந்துகொள்ள இடம் இருப்பதே அதை நன்றாக வைத்திருப்பதற்கான அடையாளம். காண வருகிறவர் காத்திருக்க வேண்டும் என்பதே இங்கு விதி.

ஆகவே நேரம்தான் முதல் கணக்கு. பூங்கா காலை 9 மணிக்குத் திறக்கும்போதே உள்ளே நுழைந்துவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் வெயில் ஏறியதும் பெரும்பாலான பாலூட்டிகள் நிழல் தேடிப் படுத்துவிடும். தாம்பரம் வழியாகச் செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறி வண்டலூர் நிலையத்தில் இறங்கலாம். வெளியூர்க்காரர்களுக்கு, 2023 டிசம்பர் இறுதியில் திறக்கப்பட்ட கிளாம்பாக்கம் பேருந்து முனையம் மிக அருகில் இருக்கிறது. வாசலில் பைகளைச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பைகளுக்கும் பொட்டலங்களுக்கும் உள்ளே தடை. இந்தச் சோதனையைத் தொல்லை என்று நினைப்பவர்கள் மான்களை நினைத்துப் பார்க்க வேண்டும். உப்புச் சுவை ஒட்டிய சிப்ஸ் உறையை மான் தின்றால் அது செரிக்காமல் வயிற்றிலேயே தங்கி, நாளடைவில் உயிரையே வாங்கிவிடும்.

உள்ளே பாதை நீளமானது. முதியவர்களுக்கும் கைக்குழந்தை வைத்திருப்பவர்களுக்கும் பேட்டரி வண்டி உண்டு. ஆனால் அந்த வண்டியிலேயே சுற்றி வந்துவிட்டால் ஒவ்வொரு இருப்பிடத்துக்கும் சில நிமிடங்களே கிடைக்கும். சிங்கம், புலி, யானை, கரடி, ஒட்டகச்சிவிங்கி என்று பெயர்ப் பட்டியலை முடிப்பதில் பொருளில்லை. நான்கைந்து இடங்களைத் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் கால்மணி நேரமாவது நின்றால்தான் குழந்தைக்கு விலங்கு தெரியவரும்.

நீர்யானைக் குட்டை அப்படி நிற்க ஏற்ற இடம். முதலில் பார்க்கும்போது தண்ணீரில் ஒரு கரும்பாறை கிடப்பதுபோலத்தான் தோன்றும். பலர் அத்தோடு நகர்ந்துவிடுகிறார்கள். சற்றுப் பொறுத்தால் பாறையின் மேல் இரண்டு சிறு காதுகள் சிலிர்த்து நீரை உதறும். மூக்குத்துளைகள் திறந்து பலத்த சீறலோடு மூச்சு வெளிவரும். பிறகு துளைகள் இறுக மூடிக்கொள்ள, தலை மெல்ல அமிழும். காது, கண், மூக்கு மூன்றும் தலையின் உச்சியில் ஒரே மட்டத்தில் அமைந்திருப்பதால், உடல் முழுவதும் நீருக்குள் இருக்கும்போதே அதனால் கேட்கவும் பார்க்கவும் மூச்சுவிடவும் முடிகிறது. ஏறத்தாழ ஐந்து நிமிடம் வரை மூச்சடக்கி நீருக்கடியில் இருக்கும். அதன் தோல் வெயிலில் விரைவில் உலர்ந்து வெடிக்கக்கூடியது. பகலெல்லாம் நீரில் கிடப்பது சோம்பலால் அல்ல. தோலில் சில நேரம் செந்நிறக் கசிவு தெரியும். அது இரத்தமல்ல, தோலைக் காக்கும் சுரப்பு.

முதலை இருக்கும் இடத்தில் வேறொரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. கரையில் வாயைப் பிளந்தபடி அசையாமல் கிடக்கும் முதலை பசியில் காத்திருப்பதாகப் பிள்ளைகளிடம் சொல்லப்படுகிறது. உடல் சூடேறும்போது முதலை பெரும்பாலும் இப்படி வாயைத் திறந்து வெப்பத்தை வெளியேற்றுகிறது. அசைகிறதா பார்ப்போம் என்று கல்லெறிபவர்களும் இருக்கிறார்கள். இது மன்னிக்கக்கூடிய விளையாட்டு அல்ல. உயிரியல் பூங்கா விலங்குகளைச் சீண்டுவதும், துன்புறுத்துவதும், அவற்றுக்குத் தீனி போடுவதும் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லவேண்டிய பெரியவர்களே முதல் கல்லை எடுப்பதுதான் வேதனை.

கூட்டம் அதிகம் கூடுவது வெள்ளைப் புலியிடம். அது தனி இனமல்ல; வங்கப் புலியில் அரிதாகத் தோன்றும் மரபணு மாறுபாடு. 1951-இல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற குட்டியின் வழிவந்தவைதான் இன்று காட்சியகங்களில் உள்ள வெள்ளைப் புலிகளில் பெரும்பாலானவை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்ததால் மாறுகண் முதலிய குறைகள் அவற்றில் காணப்படுவதுண்டு. அழகு பார்த்து நகர்வதற்குமுன் இதையும் பிள்ளைகளிடம் சொல்லலாம்.

உண்மையில் கூடுதல் கவனம் பெறவேண்டியது சிங்கவால் குரங்கு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இது இயற்கையாக வாழ்வதில்லை. காட்டில் எஞ்சியிருப்பவை சில ஆயிரங்கள் மட்டுமே. கருகருவென்ற உடல், முகத்தைச் சுற்றி வெண்சாம்பல் பிடரி, வால் நுனியில் குஞ்சம். தின்னக் கிடைத்ததைக் கன்னப்பைகளில் அடைத்துக்கொண்டு, ஓரமாகப் போய் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வெளியே தள்ளி மெல்லும். வால்பாறைக்குப் போகும் வாய்ப்பில்லாத பிள்ளைக்கு, தன் மாநிலத்துக் காட்டின் இந்த விலங்கை நேரில் பார்க்க வண்டலூர் வழி செய்கிறது.

பூங்காவுக்குள்ளேயே ஓட்டேரி ஏரி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை நன்றாகப் பெய்த ஆண்டில் கொக்கு, நாரை, நீர்க்காகம் எல்லாம் எந்தக் கூண்டும் இல்லாமல் தாமாக வந்து சேரும். மழைக்குப் பிந்தைய டிசம்பர், ஜனவரி மாதங்களே வண்டலூர் போக நல்ல காலம். கோடையிலும் போகலாம், அப்போது யானைகளைக் குளிப்பாட்டுவதையும், விலங்குகளுக்குத் தர்பூசணி முதலிய பழங்கள் தருவதையும் காணலாம். ஆனால் சிறு பிள்ளைகளுக்கு அந்த வெயில் ஆகாது. காணும் பொங்கலன்று மட்டும் விலங்கு பார்க்கும் எண்ணத்தோடு போகக்கூடாது. அன்று அது ஆயிரக்கணக்கானோர் கூடும் திருவிழா. கூட்டத்தில் தவறிவிடக்கூடாது என்பதற்காகப் பிள்ளைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டை கட்டி அனுப்புவார்கள்.

பூங்கா கண்ட இழப்புகளும் உண்டு. 2016 டிசம்பர் 12 அன்று கரையைக் கடந்த வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. 2021 ஜூனில் சிங்கங்களுக்குக் கொரோனா தொற்றி, நீலா என்ற பெண்சிங்கம் இறந்தது. இவற்றிலிருந்து மீள உழைத்தவர்கள் விலங்குக் காப்பாளர்கள். மாலையில் விலங்குகளை இரவுக் கொட்டடிக்கு அழைப்பது, தீனி அளப்பது, எது சாப்பிடாமல் ஒதுங்கியிருக்கிறது என்று கவனிப்பது அவர்கள் வேலை. பார்வையாளர்கள் செய்யக்கூடிய உதவியும் ஒன்று உண்டு. பூங்காவின் தத்தெடுப்புத் திட்டத்தில் பணம் செலுத்தினால், விரும்பிய ஒரு விலங்கின் தீனிச் செலவை ஏற்கலாம். பிறந்தநாளில் பிள்ளையின் பெயரில் இதைச் செய்யும் குடும்பங்கள் பெருக வேண்டும்.

நாடு முழுவதும் உள்ள உயிரியல் பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களுக்கு மூடப்பட வேண்டும் என்பது விதி. வண்டலூரில் அந்த நாள் செவ்வாய்க்கிழமை.