காக்காவைக் குப்புறப் படுக்க வைத்த இரவு

2021 மே மாதம், நோன்புப் பெருநாள் கழிந்த மறுவாரம். தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து மருத்துவர் தொலைபேசியில் அழைத்தார். கொரோனாவால் வென்டிலேட்டரில் இருந்த என் காக்காவைக் குப்புறப் படுக்க வைக்க வேண்டும், குடும்பத்தாரின் சம்மதம் தேவை என்றார். உம்மாவிடம் சொன்னேன்.

“குப்புறப் படுக்கிறது அல்லாஹ்வுக்குப் புடிக்காதுன்னு நீதானே பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிற?” என்று கேட்டார்கள்.

உண்மைதான். குப்புறப் படுத்திருந்த ஒருவரை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ளது. உறக்கத்தின் ஒழுக்கங்களில் நான் முதலில் நடத்துவதே அதுதான்.

மருத்துவரிடம் மீண்டும் பேசினேன். அத்தனை நெருக்கடியிலும் பொறுமையாக விளக்கினார். நுரையீரலின் பெரும்பகுதி முதுகுப்புறத்தில் இருக்கிறது. மல்லாந்து கிடக்கும்போது இதயத்தின் பாரமும் வயிற்றின் அழுத்தமும் அதன்மேல் இறங்கி, காற்றறைகள் மூடிக்கொள்கின்றன. இரத்தமோ அங்கேதான் மிகுதியாக ஓடுகிறது. ஆக்ஸிஜன் பெறாமலே திரும்புகிறது. குப்புறத் திருப்பினால் அவ்வறைகள் திறக்கும். எல்லோருக்கும் பலன் தராது என்பதையும் அவர் மறைக்கவில்லை. 2013இல் பிரான்ஸ் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வைப் பின்னர் படித்தேன். கடுமையான மூச்சுத்திணறலில் இருந்த 466 பேரில், நாள்தோறும் 16 மணி நேரமாவது குப்புறப் படுக்க வைக்கப்பட்டோரிடையே 28 நாட்களுக்குள் நேர்ந்த இறப்பு, மற்றவர்களில் ஏறத்தாழ பாதியே.

நிர்ப்பந்தம் விலக்கப்பட்டதையும் ஆகுமாக்கும் என்ற ஃபிக்ஹு விதியை உம்மாவிடம் எடுத்துரைத்தேன். மௌனமாக இருந்தார்கள். வெள்ளிதோறும் அவர்கள் ஓதும் கஹ்ஃப் அத்தியாயத்தை நினைவூட்டினேன்: குகையில் உறங்கிய இளைஞர்களை அல்லாஹ் வலமும் இடமுமாகப் புரட்டிக்கொண்டிருந்தான் அல்லவா? அங்கே குப்புற அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனால் அசைய முடியாத உடலைப் பிறர் திருப்ப வேண்டியிருக்கிறது என்பது உம்மாவுக்கு அதில்தான் விளங்கியது. “திருப்பச் சொல்லு” என்றார்கள்.

மூச்சுக்குழாய் நழுவாதபடி ஐந்து பேர் சேர்ந்து திருப்பினார்களாம். விடியற்காலையில் ஆக்ஸிஜன் அளவு ஏறியதாகச் செய்தி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், காக்கா வீடு திரும்பினார். அழுத்தத்தால் கன்னத்தில் விழுந்த தழும்பு இன்னும் இருக்கிறது.

அந்தப் பாடத்தை இப்போது அந்த ஹதீஸோடு நான் முடிப்பதில்லை. காக்காவின் கதையையும் சொல்கிறேன். சென்ற மாதம் ஒரு சிறுமி, “அப்போ வயித்து வலிக்குக் குப்புறப் படுக்கலாமா, ஹஜ்ரத்?” என்றாள். வலி தீரும்வரை படுக்கலாம் என்றேன்.