வெட்டுத்துணிகளும் ஒரு 'வேண்டாம்' என்ற சொல்லும்

மூளை முடக்குவாதம் உள்ள எங்கள் மகனுக்கு நான்கு வயது. அவன் மணிக்கட்டைக் கடித்துக்கொள்வதையும் பின்தலையைச் சுவரில் மோதிக்கொள்வதையும் உறவினர்கள் பிடிவாதம் என்றார்கள். பேச்சு வராத, விரும்பிய பக்கம் திரும்ப இயலாத உடலுக்கு எதிர்ப்பைச் சொல்ல வேறு என்ன வழி இருக்கிறது என்பதே எங்கள் கேள்வியாக இருந்தது.

திருப்பூரில் வீட்டுக்கும் பனியன் கம்பெனிக்கும் நடுவே பல தெருக்களில் ஒரு சுவர்தான். காலை 8.30க்குத் தொடங்கும் ஓவர்லாக் இரைச்சல், ஒன்றரை ஷிப்டு முடியும் இரவு 8.30 வரை ஓய்வதில்லை. எங்கள் காதுக்குப் பழகிப்போன அந்த ஒலி, புலன்களை ஒழுங்குபடுத்தத் தடுமாறும் குழந்தைக்கு வதையாகிவிடக்கூடும்.

1970களில் நெதர்லாந்தின் ஹார்டன்பெர்க் இல்லத்தில் யான் ஹுல்செஹ, ஆட் ஃபெர்ஹூல் என்ற இருவர் மென்னொளி, இசை, மணம், தொடுபொருட்கள் நிறைந்த அறையை உருவாக்கினார்கள். முகர்ந்து தேடுதல், கண்ணயர்தல் என்னும் பொருளுடைய இரண்டு டச்சுச் சொற்களை இணைத்து அதற்கு 'ஸ்னூசெலன்' என்று பெயரிட்டார்கள். அங்கே குழந்தைதான் தேர்ந்தெடுக்கிறது, பெரியவர் பின்தொடர்கிறார்.

இது மூளையின் சேதத்தைச் சரிசெய்யாது. அறைக்குள் கிடைக்கும் அமைதி வெளியிலும் நீடிக்கும் என்பதற்கான சான்றுகள் குறைவு. பல்வலி, மலச்சிக்கல், உணவு எதுக்களித்தல் ஆகியவற்றால் வரும் அழுகையை நடத்தைக் கோளாறாக எண்ணிவிடவும் கூடாது. முதலில் அவற்றைப் பார்த்தாக வேண்டும். வலிப்பு உள்ள குழந்தைக்கு மினுங்கும் விளக்குகள் ஆபத்தாகலாம்.

பீஸ் ரேட்டில் தைக்கும் வீட்டில் ஒரு அரைநாள் சிகிச்சை என்பது ஒரு அரைநாள் கூலி. ஆகவே சிகிச்சையாளரின் யோசனைப்படி, கட்டிங் மேசையில் மிஞ்சிய துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ரிப், ஃப்ளீஸ், இன்டர்லாக். சன்னலைச் சாத்தி, இயந்திரங்கள் ஓய்ந்த ஞாயிற்றுக்கிழமைகளில், ஒவ்வொன்றாக அவன் உள்ளங்கையருகே வைத்தோம். ஃப்ளீஸைப் புறங்கையால் தள்ளினான். ரிப்பை விரலிடுக்கில் பற்றிக்கொண்டான். கடிப்பது நின்றுவிடவில்லை. ஆனால் அவனுடைய 'வேண்டாம்' எங்களுக்குப் புரிந்தது.

1985இல் தொடங்கப்பட்ட சென்னை வித்யாசாகர் அமைப்பு, பேச்சில்லாத குழந்தைகளுக்குப் படப்பலகை போன்ற மாற்றுத் தொடர்புமுறைகளைக் கற்பிக்கிறது. மறுக்கத் தெரிந்த விரல் நாளை ஒரு படத்தையும் சுட்டலாம். அமைதியாக இருக்கும் குழந்தையைவிட, தனக்கு வேண்டாததைச் சொல்லக்கூடிய குழந்தையே எங்களுக்கு வேண்டும்.