எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு

ஒரு நாட்டு அணி கோப்பையை வெல்லுமா என்று பேச்சு தொடங்கிவிட்டால், பத்துப் பேரில் ஒன்பது பேர் கோல் போடுகிறவர்களின் பெயரைத்தான் முதலில் சொல்வார்கள். மெஸ்ஸி இருக்கிறார், எம்பாப்பே இருக்கிறார், அதனால் ஜெயிக்கும். பயிற்சியாளர்கள் கூடும் இடத்தில் பேச்சு வேறு முனையில் தொடங்கும். இந்த அணி எங்கே கோல் வாங்கும்? இடது பேக் மேலே ஏறிப் போய்விட்டால் அவன் விட்டுப்போன இடத்தை யார் அடைப்பது? கார்னர் வரும்போது இரண்டாவது போஸ்ட்டில் நிற்பவன் எவ்வளவு உயரம்? ஸ்டாப்பர் இருவரில் யாருக்குத் திரும்பி ஓடும் வேகம் இல்லை? இதற்கெல்லாம் விடை தெரிந்த பிறகுதான் அந்த அணி காலிறுதியைத் தாண்டுமா என்று சொல்ல எனக்கு வாய் வரும்.

திருவண்ணாமலையில் பையன்களுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தே எனக்கு வயதாகிவிட்டது. உலகக் கோப்பை வருடம் வந்தால் பயிற்சி முடிந்தும் பையன்கள் வீட்டுக்குப் போக மாட்டார்கள். பூட்டைக் கழற்றிக்கொண்டே கேள்வி வரும். "சார், பிரேசில் வருமா?" "சார், அர்ஜென்டினா டிஃபென்ஸ் தாங்குமா?" இந்தியாவைப் பற்றிய கேள்வியை மட்டும் எல்லோரும் போன பிறகு ஒருவன் தனியாக வந்து கேட்பான். அந்தக் கேள்விக்கும் பிரேசிலுக்குச் சொல்வது போலவே கணக்குப் பார்த்துத்தான் விடை சொல்ல வேண்டும் என்பது என் பிடிவாதம்.

2022 டிசம்பர் 6 எங்கள் ஊரில் கார்த்திகை தீபம். மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் தீபம் ஏறியது; இரவு எட்டரைக்கு கத்தாரில் மொராக்கோவுக்கும் ஸ்பெயினுக்கும் ஆட்டம். கிரிவலப் பாதையில் கால் வைக்க இடமில்லை. செல்போனில் சிக்னல் இல்லை. குபேர லிங்கத்துக்குச் சற்று முன்னால் ஒரு டீக்கடையில், மற்ற வாடிக்கையாளர்களிடம் அனுமதி கேட்டு, கடைக்காரர் எங்களுக்காக டிவியில் சேனலை மாற்றினார். எங்களோடு இருந்தவர்கள் எல்லோருக்கும் ஸ்பெயின்தான். எதிர்க்கட்சியில் நான் ஒருவன். என் வாதம் ஒன்றுதான்: அதுவரை மொராக்கோ வாங்கியிருந்தது ஒரே ஒரு கோல், அதுவும் கனடாவுக்கு எதிராகத் தானே தன் கோலில் போட்டுக்கொண்டது. எதிராளி ஒருவனும் அவர்கள் வலையைத் தொடவில்லை.

ஸ்பெயின் பந்தை வைத்துக்கொண்டே இருந்தது. ஆயிரம் பாஸ் அளவுக்கு ஆடினார்கள். கோலுக்குள் சரியாகப் போன அடி ஒன்றிரண்டு தேறினால் அதிகம். நடந்து களைத்த பக்தர்கள் நின்று டீ குடித்துவிட்டு, "யாருப்பா ஜெயிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நூறு நிமிடம் தாண்டியும் மொராக்கோவின் பேக் வரிசைக்கு நடுவே இடைவெளி விழவில்லை. ஒருவன் பந்தை நோக்கி முன்னால் போனால் பக்கத்தில் நிற்பவன் அரை அடி உள்ளே நகர்கிறான், அவனுக்கு அடுத்தவனும் நகர்கிறான். இதை டிவியில் பார்ப்பது கடினம். கேமரா பந்தோடு போய்விடும். பந்து இல்லாத பக்கத்தைப் பார்க்கப் பழகியவனுக்குத்தான் தெரியும். பெனால்டி ஷூட் அவுட்டில் ஸ்பெயினால் ஒன்றுகூடப் போட முடியவில்லை, 3-0. ஆப்பிரிக்காவிலிருந்து அரையிறுதிக்குப் போன முதல் அணி என்ற பெயரை மொராக்கோ அந்தத் தொடரில்தான் எடுத்தது.

எழுபதாவது நிமிடத்துக்குப் பிறகு ஒரு பேக்கை மட்டும் பாருங்கள். பந்து எதிர்ப்பக்க விங்கில் இருக்கிறது. களைக்காதவன் இரண்டு மூன்று விநாடிக்கு ஒருமுறை கழுத்தைத் திருப்பி, தன் முதுகுக்குப் பின்னால் யார் வருகிறான் என்று பார்த்துக்கொள்வான். குதிகால் தரையில் அழுந்தாது. களைத்தவனுக்குக் குதிகால் தரையில் உட்கார்ந்துவிடும், கை இடுப்புக்குப் போகும், கண் பந்தை விட்டு நகராது. அந்த நேரம் பார்த்துப் பந்தை அவன் தலைக்கு மேலே தூக்கிப் போடுவார்கள். அவன் ஒரு அடி பிந்திவிட்டான். உடம்பு போய்ச் சேராத இடத்துக்குக் கை போகும். சட்டையைப் பிடிப்பான், இல்லை காலை நீட்டுவான். அவன் வந்து சேர மாட்டான் என்று தெரிந்து கோல்கீப்பர் வெளியே பாய்வார், ஆளை மோதுவார். விசில் ஊதிவிடுவார்கள்.

இதை மனதில் வைத்துக்கொண்டு நம் அணியின் ஆட்டங்களை வரிசையாகப் பாருங்கள். 2019 ஜனவரி, ஷார்ஜா, ஆசியக் கோப்பை. தாய்லாந்தை 4-1 என்று அடித்துத் தொடங்கிய அணி, கடைசி ஆட்டத்தில் பஹ்ரைனோடு டிரா செய்திருந்தால் அடுத்த சுற்று. 90 நிமிடம் முடிந்து கூடுதல் நேரத்தில் பெனால்டி, 0-1. 2024 ஜனவரி, கத்தார், சிரியாவோடு ஆட்டம்: 76-வது நிமிடத்தில் கோல், 0-1. அதே ஆண்டு மார்ச், குவாஹாட்டி, ஆப்கானிஸ்தான்: நாம் முன்னால் இருந்தோம், 70-ல் ஒன்று வாங்கினோம், 88-ல் பெனால்டி, 1-2. 2025 ஜூன், ஹாங்காங்: கூடுதல் நேரத்தில் பெனால்டி, 0-1. நான்கு ஆட்டம், நான்கு எதிராளி, வெவ்வேறு பயிற்சியாளர்கள். கோல் விழுந்த நேரம் மட்டும் மாறவில்லை.

வேலூர்ப் பக்கம் பயிற்சி கொடுக்கும் நண்பர் ஒருவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "நீங்க டிஃபென்ஸைக் குத்தம் சொல்றீங்க. கோல் போட ஆளே இல்லையே சார்" என்பார். அவர் பக்கம் வலுவான ஆதாரம் உண்டு. கத்தார் ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா என்று மூன்று ஆட்டத்திலும் நாம் ஒரு கோல்கூடப் போடவில்லை. ஓய்வு அறிவித்த சுனில் சேத்ரியை 40 வயதில் 2025 மார்ச்சில் திரும்பக் கூப்பிட வேண்டியிருந்தது. ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக வந்ததும் கோல் போட்டார். ஐ.எஸ்.எல். கிளப்புகள் முன்வரிசை நடுவில் வெளிநாட்டவரையே நிறுத்தினால் நம் பையன் எங்கே கற்றுக்கொள்வான் என்று நண்பர் கேட்பது நியாயம். ஆனால் அந்த நான்கு ஆட்டத்திலும், ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தைத் தாங்கியிருந்தால் ஒரு புள்ளியாவது கையில் நின்றிருக்கும். தொடர் போட்டியில் ஒரு புள்ளி என்பது சில சமயம் அடுத்த சுற்றே. 2025 அக்டோபரில் மட்கானில் சிங்கப்பூருக்கு எதிராக முன்னிலை எடுத்து 1-2 என்று தோற்றபோது, 2027 ஆசியக் கோப்பை கைநழுவியது.

"140 கோடியில் பதினோரு பேர் கிடைக்கலையா?" என்ற கேள்வி எல்லா விவாதத்திலும் வரும். அதற்கு என்னிடம் எங்கள் ஊரே பதில். 2011 கணக்கெடுப்பில் திருவண்ணாமலை நகரின் மக்கள்தொகை சுமார் 1.45 லட்சம். கரீபியன் கடலில் உள்ள குராசாவோ தீவின் மக்கள்தொகையும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்தத் தீவு 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. கிரிவலம் வரும் கூட்டத்தில் ஒரு மூலைக்குக்கூடக் காணாத ஜனம். ஆனால் அவர்கள் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் நெதர்லாந்தில் பிறந்து, அங்குள்ள கிளப்புகளில் சிறு வயதிலிருந்தே வாராவாரம் லீக் ஆடி வளர்ந்தவர்கள். நமக்கு இரட்டைக் குடியுரிமை இல்லாததால் அந்த வழி அடைபட்டிருக்கிறது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் ஆர்வம் குறைவு. ஜனத்தொகையைவிட, ஒரு பையன் பதினெட்டு வயதுக்குள் எத்தனை நிமிடம் நிஜமான ஆட்டம் ஆடியிருக்கிறான் என்ற கணக்கே எனக்கு முக்கியம்.

இந்த நிமிடக் கணக்கு நமக்குப் பழைய வியாதி. நெடுங்காலம் நம் உள்நாட்டுப் போட்டிகள் 70 நிமிடமே ஆடப்பட்டன, வெளிநாட்டில் 90. ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம் அந்தக் காலத்து ஆட்டக்காரர்களை வைத்துத்தான் 1962-ல் ஜாகர்த்தாவில் ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கினார். ரஹீம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். எங்கள் ஜாதிக்காரர் என்று உடற்கல்வி ஆசிரியர்கள் உரிமையோடு சொல்லிக்கொள்வோம். முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற அணி அது. அதே கொரியாவை இறுதி ஆட்டத்தில் சந்தித்தது. தலையில் தையல் போட்டிருந்த ஸ்டாப்பர் ஜர்னைல் சிங்கை ரஹீம் முன்வரிசையில் நிறுத்தினார், அவரும் பி.கே. பானர்ஜியும் ஆளுக்கொரு கோல். கோலில் பீட்டர் தங்கராஜ். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் கொரியா ஒன்று போட்டது. அரங்கம் முழுக்க நமக்கு எதிராகக் கத்திக்கொண்டிருக்க, மீதி நேரத்தைத் தாங்கி நின்று 2-1 என்று வென்றார்கள். நான் பையன்களுக்கு அந்த இரண்டு கோல்களைச் சொல்வதைவிட அந்தக் கடைசி நிமிடங்களைத்தான் அதிகம் சொல்வேன். மறு வருடமே ரஹீம் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தார். ஆசிய விளையாட்டுத் தங்கம் அதற்குப் பிறகு நமக்கு வரவே இல்லை.

இப்போது தேசிய அணி 90 நிமிடம்தான் ஆடுகிறது. எங்கள் பள்ளிப் பையன் என்ன ஆடுகிறான்? குறுவட்டப் போட்டி என்று ஒன்று வரும். ஒரே நாளில் பல பள்ளிகள், ஒரே மைதானம், வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். பாதிக்கு இருபது நிமிடம், சில சமயம் பதினைந்து. அதுவும் நாக் அவுட். காலை ஒன்பதரை மணி ஆட்டத்தில் ஒரு பள்ளி தோற்றால், அந்தப் பையன்களுக்கு அந்த வருடக் கால்பந்து பத்து மணிக்கு முடிந்தது. ஜெயித்தவர்கள் வருவாய் மாவட்டப் போட்டிக்குப் போவார்கள். அங்கேயும் ஒரு தோல்வியோடு சரி. நான் பார்த்ததிலேயே அருமையான ஒரு இடது பேக், ஜவ்வாது மலையடிவாரத்துப் பையன், பள்ளிக் காலம் முழுக்க இப்படியே ஆடினான். எழுபதாவது நிமிடம் எப்படி இருக்கும் என்று அவன் கால் அறிந்ததே இல்லை. பிறகு ஒரு கிளப் தேர்வுக்குப் போனான். முதல் பாதியில் எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். இரண்டாவது பாதியின் நடுவில் அவன் குதிகால் தரையில் உட்கார்ந்துவிட்டதை நான் கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தேன். அந்தப் பையனிடம் குறை எதுவும் இல்லை. அவனுக்கு ஆட்டம் கொடுக்காதது நாம்.

இதற்கு நேரெதிரான ஒரு மாலை 2025 ஜூலை 5. தாய்லாந்தின் சியாங் மாய் நகரில் நம் பெண்கள் அணி. எதிரில், உலகக் கோப்பையில் இரண்டு முறை ஆடிய தாய்லாந்து, அவர்கள் சொந்த மண். டிரா கூடப் போதாது, ஜெயித்தவர் ஆசியக் கோப்பைக்குப் போவார். சங்கீதா பாஸ்ஃபோர் முதல் கோல் போட்டார். இடைவேளை முடிந்ததும் தாய்லாந்து சமன் செய்தது. 74-வது நிமிடத்தில் சங்கீதாவே இரண்டாவதையும் போட்டார். எழுபதுக்குப் பிறகு கோல் வாங்குவதையே பார்த்துப் பழகிய எனக்கு, எழுபதுக்குப் பிறகு கோல் போட்டு மீதியையும் காத்து நின்ற ஒரு இந்திய அணியைப் பார்த்ததும் உட்கார முடியவில்லை. தகுதிச் சுற்று ஆடி ஆசியக் கோப்பைக்குள் போன முதல் இந்தியப் பெண்கள் அணி அது. 2022-ல் சொந்த மண்ணில் நடந்த ஆசியக் கோப்பையில் கொரோனா தொற்றால் ஆட ஆள் சேராமல் பாதியில் வெளியேறிய வேதனை ஓரளவு ஆறியது.

எங்கள் டீக்கடை விவாதங்களில் பெண்கள் அணிக்கு இடமே கிடைப்பதில்லை என்பது எனக்கு நெடுநாள் ஆதங்கம். தமிழ்நாட்டுப் பெண்கள் அணி 2018-லும் 2023-லும் தேசிய சாம்பியன். மதுரையின் சேது எஃப்.சி. 2019-ல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. இங்கிருந்து பஸ் ஏறினால் சில மணி நேரத்தில் போய்விடும் கடலூரிலிருந்து இந்துமதி கதிரேசன் இந்தியாவுக்கு ஆடியிருக்கிறார். தமிழ்நாடு காவல்துறையில் சப்-இன்ஸ்பெக்டர். "இந்தியா எப்போது?" என்று கேட்கிற பையனுக்கு நான் முதலில் சொல்வது இவர்களைத்தான். ஆண்கள் அணியைவிடப் பெண்கள் அணிக்கு ஆசிய அளவில் முன்னேறும் வாய்ப்பு சீக்கிரம் வரும் என்பது என் தீர்ப்பு. வாதாட வருகிறவர்களை வரவேற்கிறேன்.

ஆண்கள் அணி பற்றிக் கேட்டால், ஐ.எஸ்.எல். ஒழுங்காக நேரத்துக்கு நடக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன். 2025-ல் அது மாதக்கணக்கில் தள்ளிப்போனதில் ஆட்டக்காரர்களின் கால் என்ன ஆகியிருக்கும் என்று எந்தப் பயிற்சியாளருக்கும் தெரியும். அதற்குக் கீழே, எங்கள் கைக்கு எட்டும் இடத்தில், நாங்கள் சில பயிற்சியாளர்கள் சேர்ந்து ஞாயிற்றுக்கிழமை லீக் நடத்துகிறோம். நாக் அவுட் கிடையாது. தோற்றவனுக்கும் அடுத்த வாரம் ஆட்டம் உண்டு. பெரிய பையன்களுக்கு முழு 90 நிமிடம். காலை ஆறு மணிக்கே தொடங்கிவிடுவதால் வெயில் சாக்கு எடுபடாது. பந்தும் சுண்ணாம்பும் எங்கள் செலவு. குறுவட்டப் போட்டியையும் இப்படி லீக்காக மாற்றுங்கள் என்று கூட்டம் நடக்கும் போதெல்லாம் எழுந்து கேட்கிறோம். அதற்கு மைதானம் வேண்டும், நாள் வேண்டும், நடுவர் வேண்டும் என்பார்கள். வேண்டும்தான்.

இந்த வருட லீக்கை யார் எடுப்பார்கள் என்று இப்போதே மைதானத்தில் சண்டை. போளூர் அணியின் சென்டர் ஃபார்வர்டைப் பார்த்துவிட்டுப் பாதிப் பேர் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். எனக்குச் செங்கம் அணியின் மேல் ஒரு கண். அவர்களுடைய வலது பேக், ஒல்லிப் பையன், போன ஞாயிறு எண்பதாவது நிமிடத்திலும் கழுத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தான். போளூரோடு ஆடும்போதும் அப்படியே திருப்புகிறானா என்று பார்த்துவிட்டு என் பந்தயத்தைச் சொல்கிறேன்.