வசனம் அப்புறம்தான் வரும்

எங்க பெரியப்பா ஏன் சிஎஸ்ஐ கோயிலை விட்டு பெந்தெகொஸ்தே சபைக்குப் போனார்? அவரைக் கேட்டால் ஞானஸ்நானம் என்பார். "பச்சப்புள்ள நெத்தியில தண்ணி தெளிச்சா அது ஞானஸ்நானமால?" என்று வசனத்தோடு விளக்குவார்.

அம்மா சொல்லும் காரணம் வேறு. சபைக் கமிட்டித் தேர்தலில் பெரியப்பா தோற்றார். அந்த வருஷ அசனத்தில் பந்தி விசாரிக்கும் பொறுப்பும் வேறொருவருக்குப் போனது. தேர்தல் ஜூனில், முழுக்கு ஞானஸ்நானம் நவம்பரில். கணக்கு சரியாத்தான் இருக்கு :-)

இது எங்க ஊர்க் கதை மட்டுமில்லை. 1054-ல் ரோமாபுரியும் கான்ஸ்டான்டிநோபிளும் பிரிந்தபோது, அப்பத்தில் புளிப்பு இருக்கலாமா, ஆவியானவர் பிதாவிடமிருந்து மட்டும் வருகிறாரா என்றெல்லாம் வாதாடினார்கள். அடியில் கிடந்த கேள்வி, போப்பாண்டவர் எல்லோருக்கும் மேலானவரா என்பது.

நம்ம பக்கத்திலேயே சட்டாம்பிள்ளை இருக்கிறார். நாசரேத்தில் மிஷன் ஊழியத்தில் இருந்து, வெள்ளைக்கார மிஷனரியோடு மோதி வெளியே வந்தவர். 1849-ல் கால்டுவெல் நாடார்களைப் பற்றி எழுதிய சிறுநூல் அந்தச் சமுதாயத்தையே புண்படுத்தியது. அதை எதிர்த்து முன்னால் நின்றவரும் இவர்தான். 1857-ல் வெள்ளைக்காரர் தயவில்லாமல் தனிச் சபை கண்டார். சனிக்கிழமை ஓய்வுநாள், ஆராதனையில் சாம்பிராணி எல்லாம் பழைய ஏற்பாட்டிலிருந்து எடுத்துக்கொண்டவை.

எனக்குத் தோணுவது இதுதான். முதலில் மரியாதை அடிபடுகிறது. வசனம் அப்புறம்தான் வருகிறது. அதனால் வசனம் பொய் என்று அர்த்தமில்லை. சட்டாம்பிள்ளையின் கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன். ஆனால் அடிபட்ட இடத்தை விட்டுவிட்டு வசனத்தை மட்டும் வைத்து எத்தனை வருஷம் வாதாடினாலும் பிரிந்தவர்கள் சேரமாட்டார்கள்.

பெரியப்பா கதையைச் சொல்லி நானும் நிறைய சிரித்திருக்கிறேன். போன வருஷம் அப்பா தவறினார். கோயிலில் அடக்க ஆராதனை நடந்தபோது பெரியப்பா உள்ளே வரவில்லை. காம்பவுண்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் நின்றார். பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு வந்து ஒரு பிடி மண் போட்டார்.

கோபமாகத்தான் கேட்டேன், "கூடப் பிறந்த தம்பிக்குக்கூட உள்ள வரமாட்டீங்களா பெரியப்பா?"

ஞானஸ்நானம் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. "உள்ள வந்து எங்கல உக்கார? என் பெஞ்சுல வேற ஆளுல்லா இருப்பான்?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "இத்தன வருசத்துல ஒருத்தன் வீட்டுக்கு வந்து வாங்கன்னு கூப்பிடலயே" என்றார்.

குருவானவரைச் சொல்கிறார், கமிட்டிக்காரர்களைச் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அப்பாவும் கூப்பிட்டதில்லை. நானும்தான்.