நாஷ் யெசிக்

வானொலியில் மூன்று விநாடி மௌனம் என்பது மூன்று நிமிடத்துக்குச் சமம். அன்று காலை நிகழ்ச்சியில் அப்படியொரு மௌனம் விழுந்தது. காரணம் நான்தான்.

விருந்தினர் ஒரு போஸ்னியப் பெண்மணி. 1990-களில் போர் நடந்தபோது மாணவியாக மலேசியா வந்து, இங்கேயே தங்கிவிட்டவர். அவர் மலாயில் பேச, நான் தமிழில் சொல்வதாக ஏற்பாடு. முதல் நாள் இரவு பழைய கலைக்களஞ்சியம் ஒன்றைப் புரட்டிக் குறிப்பெடுத்திருந்தேன். "இவரது தாய்மொழி செர்போ-குரோஷியன்" என்று நேரலையில் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். தமிழ் தெரியாத அவருக்கு அந்த ஒரு சொல் மட்டும் புரிந்துவிட்டது. முகம் மாறியது.

"போசான்ஸ்கி," என்றார் மெதுவாக. போஸ்னிய மொழி.

நிகழ்ச்சி முடிந்ததும் கீழே தே தாரேக் கடையில் மன்னிப்புக் கேட்டேன். "தாக் அபா, அடிக்" என்று சிரித்தவர், பிறகு சொன்னார்: "என் பள்ளிச் சான்றிதழிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அதில் செர்பியர் இருக்கிறார், குரோஷியர் இருக்கிறார். நாங்கள் எங்கே?"

எனக்குப் பதில் தெரியவில்லை. ஊடகப் படிப்பில் தகவலைச் சரிபார்க்கச் சொல்லிக் கொடுத்தார்கள். நான் சரிபார்த்துத்தான் இருந்தேன்!

அதன் பிறகே ஒழுங்காகப் படித்தேன். 1954-இல் நோவி சாத் நகரில் கூடிய அறிஞர்கள், செர்பியர், குரோஷியர், மொண்டெநெக்ரோவினர் பேசுவது ஒரே மொழி என்று உடன்பாடு கண்டார்கள். அந்தப் பட்டியலில் போஸ்னிய முஸ்லிம்களின் பெயர் இல்லை. 1967-இல் குரோஷிய அறிஞர்கள் தங்கள் மொழிக்குத் தனிப்பெயர் கேட்டு அறிக்கை விட்டார்கள். யுகோஸ்லாவியா உடைந்ததும் மொழியின் பெயரும் உடைந்தது. 2007-இல் மொண்டெநெக்ரோ தன் அரசியலமைப்பில் மொண்டெநெக்ரோ மொழி என்றே எழுதிக்கொண்டது. பஹாசா மலேசியாவா, பஹாசா மெலாயுவா என்று மாறி மாறிக் கேட்டு வளர்ந்த நமக்கு இது அப்படியொன்றும் புதிதல்ல.

வேறுபாடுகள் உண்டு. ரொட்டி செர்பியருக்கு 'ஹ்லெப்', குரோஷியருக்குக் 'குருஹ்'. ரயில் அங்கே 'வோஸ்', இங்கே 'விலாக்'. செர்பியர் சிரில்லிக் எழுத்தையும் பயன்படுத்துவார்கள். மற்றபடி ஒருவர் பேசுவது அடுத்தவருக்கு அப்படியே புரியும். போஸ்னியாவில் சிகரெட் பெட்டியில் 'புகைத்தல் கொல்லும்' என்ற எச்சரிக்கை மூன்று மொழிகளில் இருக்கும். போஸ்னிய வரியும் குரோஷிய வரியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றே. செர்பிய வரி அதே சொற்கள், சிரில்லிக்கில். ஹேக் நகரில் யுகோஸ்லாவியப் போர்க் குற்றங்களை விசாரித்த நீதிமன்றம் வம்பே வேண்டாமென்று 'பி/சி/எஸ்' என மூன்று முதலெழுத்துகளோடு நிறுத்திக்கொண்டது.

மொழியியலாளர் பலர் இன்றும் ஒரே மொழி என்றுதான் சொல்கிறார்கள். அவர்கள் சொல்வது தவறு என்று நான் நினைக்கவில்லை. ஆனால் விருந்தினரை அழைத்து எதிரே உட்கார வைத்துவிட்டு, அவர் மொழிக்கு நான் பெயர் வைக்கக் கூடாது.

"வீட்டில் என்ன சொல்வீர்கள், கக்?" என்று அன்று கேட்டிருந்தேன்.

"நாஷ் யெசிக்," என்றார். எங்கள் மொழி. யாரையும் புண்படுத்தாமல் இருக்கப் பலரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

மறுநாள் காலை நேரலையில் 'போஸ்னிய மொழி' என்று திருத்திச் சொன்னேன். சிறிது நேரத்தில் அவரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு சொல் வந்தது: 'ஹ்வாலா'. நன்றி. அந்தச் சொல் நான்கு மொழிகளிலும் ஒன்றுதான்.