கோடியக்கரை வெளிமான்கள்

வேளாங்கண்ணித் திருத்தலத்தைத் தரிசித்துத் திரும்பும் குடும்பங்களுள் தெற்கே கோடியக்கரை வரை செல்வோர் மிகச் சிலரே. வேதாரண்யத்தைக் கடந்தால், 1967-இல் சரணாலயமாக அறிவிக்கப்பெற்ற கடலோரக் காடு எதிர்ப்படும்.

அதிகாலையில் மணற்பாதை வழியே நடந்தோம். புதர்க்காடு விலகிப் புல்வெளி விரிந்த இடத்தில் வெளிமான் கூட்டம் ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. கலைமானின் முதுகு கருமை, வயிறு வெண்மை. முறுக்கிய கொம்புகள் வானை நோக்கி நின்றன. பிணைமான்களோ கொம்பற்றவை, பழுப்பு நிறத்தவை. அங்குள்ள புள்ளிமான் ஆண்டுதோறும் கொம்பை உதிர்க்கும். வெளிமானின் கொம்பு உதிர்வதில்லை. விலங்கியலார் இதனை மான் குடும்பத்தில் சேர்ப்பதே இல்லை! முன்னோர் இட்ட பெயரை நாம் ஏன் மாற்ற வேண்டும்? எங்கள் அரவம் கேட்டு ஒன்று துள்ளியது. மறுகணம் கூட்டம் முழுவதும் காற்றில் எழும்பிப் பாய்ந்து மறைந்தது.

ஓட்டமே இம்மானுக்கு அரண். ஓடுவதற்குத் திறந்த வெளி வேண்டும். அவ்வெளியைச் சீமைக்கருவேல் கவ்வி வருகிறது. சுற்றிலும் கடலும் உவர்நிலமுமாதலால் கோடையில் குடிநீரும் அரிது. நீரோடையை நாடும் மானைப் பாடும் 42-ஆம் திருப்பாடலைப் பூசையில் கேட்டிருக்கிறோம்; அதன் தாகம் எத்தகையதென்பது சித்திரை வெயிலில் அங்கு நின்றால் விளங்கும். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோதோ, மாண்ட மான்களின் உடல்களைக் கடல் காரைக்கால் கரைவரை கொண்டுபோய் ஒதுக்கியது.

செல்ல விரும்புவோர் வனத்துறையினரின் அனுமதி பெற்று விடியலிலேயே புறப்படுதல் நலம். மானுக்கென்று தின்பண்டம் எதுவும் எடுத்துச் செல்ல வேண்டாம்.