மிச்சக் கணக்கு

மயிலாப்பூரிலிருந்தும் தி. நகரிலிருந்தும் ஸ்கேன் உறையோடு வருகிறவர்கள் நாற்காலியில் உட்காரும் முன்பே கேட்டுவிடுகிறார்கள்: “கல்லீரலுக்குப் பரவிடுச்சாம் டாக்டர். நாலாம் கட்டம்னா அவ்வளவுதானே?”

குடல் புற்றுநோயில் அப்படி முடித்துவிட முடியாது. கல்லீரலுக்குப் பரவியதை முழுதாக வெட்டியெடுக்க முடிந்தவர்களில் ஏறத்தாழ பத்துக்கு நான்கு பேர் ஐந்தாண்டைத் தாண்டுகிறார்கள்.

குடலிலிருந்து திரும்பும் ரத்தம், போர்ட்டல் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குள் புகுந்து வடிகட்டப்படுகிறது. கட்டியிலிருந்து உதிரும் செல்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன. மலக்குடலின் அடிப்பகுதிக்கு வேறு வழியும் உண்டு. அங்கே தொடங்கும் நோய் கல்லீரலைத் தொடாமல் நுரையீரலுக்கே போய்விடலாம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கையைக் கொண்டுபோனது மலக்குடல் புற்றுநோய். அந்த இழப்பின் விளைவுதான் 1954-ல் எழுந்த அடையாறு புற்றுநோய் மருத்துவமனை. அன்றைக்குக் கல்லீரலில் கத்தி வைப்பதே உலகெங்கும் அபூர்வம்.

அறுவை மேசையில் என் கண் கட்டியைவிட மிஞ்சப்போகிற பகுதியில்தான் இருக்கும். அதற்கு உள்ளே வரும் ரத்தம், வெளியேறும் சிரை, பித்தநாளம் மூன்றும் பழுதில்லாமல் நிற்க வேண்டும். நல்ல கல்லீரலில் கால் பங்கு போதும். பல சுற்று கீமோ வாங்கியதென்றால் 30 சதவீதமாவது வேண்டும். சர்க்கரை நோயாளிகளிடம் அடிக்கடி பார்க்கும் கொழுப்பேறிய கல்லீரல் மஞ்சள் பூத்து, வெண்ணெய்க்கட்டி மாதிரி நொய்ந்திருக்கும். அங்கே இன்னும் தாராளமாக விட வேண்டும். மிச்சம் போதாது என்று தெரிந்தால், வலப்பக்கப் போர்ட்டல் கிளையை அடைத்துவிட்டுக் காத்திருப்போம். நான்கு முதல் ஆறு வாரத்தில் இடப்பக்கம் பெருத்துவிடும். வெட்டும்போது உள்ளே வரும் ரத்தத்தை 15 நிமிடம் நிறுத்துவோம், 5 நிமிடம் விடுவோம். 1908-ல் பிரிங்கிள் என்ற அறுவை மருத்துவர் காட்டிய வழியின் இன்றைய வடிவம் இது.

பரவியவர்களில் பெரும்பாலோருக்கு எடுத்த எடுப்பில் வெட்ட முடிவதில்லை. கீமோ கட்டியைச் சுருக்கிச் சிலரை மேசைக்குக் கொண்டுவருகிறது. சிலருக்குக் கட்டி ஸ்கேனிலிருந்தே மறைந்துவிடும். வீட்டார் சந்தோஷமாக வருவார்கள், எனக்கோ சங்கடம். மறைந்த இடத்தில் பல சமயம் உயிருள்ள செல்கள் இருக்கும், எங்கே வெட்டுவது என்பதுதான் தெரியாது.

ஆகவே, கல்லீரலில் புள்ளி என்று ரிப்போர்ட் வந்த வாரமே, முதல் கீமோவுக்கு முன், அந்த ஸ்கேனைக் கல்லீரல் அறுவை செய்கிறவரிடம் காட்டிவிடுங்கள். ‘வெட்ட முடியாது’ என்பதை அவர் வாயால் கேட்ட பிறகு நம்பினால் போதும்.